பச்சையாகவே காய்ந்த புகையிலை இலைகள்

மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்ட புகையிலை இலைகள் பழுப்பாகாமல் பச்சையாகவே காய்ந்துவிட்டன, அவற்றைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சையாகக் காய்ந்துவிட்ட இலைகளை இனி முழுமையாகப் பழுப்பாக்க முடியாது. ஈரம் காட்டினால் அவை மென்மையாகுமே தவிர, பச்சை நிறம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டதே காரணமாக இருக்கக்கூடும். பறித்த பிறகும் சில நாட்கள் இலையின் செல்கள் உயிரோடிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றியும் பச்சையத்தைச் சிதைத்தும் இலையை மஞ்சளாக்குகின்றன. அந்த வேலை முடியும் முன்பே நீர் வற்றிவிட்டால், நிறமாற்றம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த பறிப்பில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரே செடியில் ஒரே உயரத்திலுள்ள இலைகளை இரண்டு கட்டுகளாகப் பிரித்து, ஒன்றை வழக்கம்போலவும், மற்றொன்றைக் காற்று நேராகப் படாத, ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம் வரை உள்ள இடத்திலும் தொங்கவிடுங்கள். ஈரப்பதமானி இல்லாமல் இதைச் செய்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. முதிராத இலைகளும் பச்சையாகவே காயக்கூடும் என்பதால், மஞ்சள் படரத் தொடங்கியவற்றையே பறியுங்கள்.

ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால், தடித்த நடுநரம்பில் பூஞ்சை பிடிக்கும். ஈரமான பச்சை இலைகளைக் கையுறையின்றிக் கையாளாதீர்கள். நிகோடின் தோல் வழியே உடலில் ஏறி, குமட்டலையும் தலைசுற்றலையும் உண்டாக்கும்.