பியூன்கூட நிக்கிறான்னு வெட்கப்பட்ட அப்பாவுக்கு

கேள்வி: அக்கா, எங்க வீடு தக்கலை பக்கத்துல. மூத்த பையனுக்கு 14 வயசு, ஒம்பதாம் கிளாஸ், எய்டட் ஸ்கூல்ல படிக்கான். சின்னதுலயே திருவனந்தபுரத்துல கொண்டு காட்டினப்போ ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. கணக்கு நல்லா போடுவான், ட்ரெயின் டைம் எல்லாம் மனப்பாடம், அத விட்டா யார்கிட்டயும் எதுவும் பேசமாட்டான், கிளாஸ்ல ஒரு கூட்டுக்காரன்கூட கிடையாது. முன்னாடி இன்டர்வெல் நேரத்துல எல்லாம் மணி அடிக்கிற பியூன்கூட போய் நிப்பான், அவரும் சில நேரம் இவன் கையில கம்பிய குடுத்து அடிக்க விடுவாராம். சொந்தக்காரங்க பிள்ளைங்க பாத்துட்டு வந்து சொல்லி இவன் அப்பாவுக்கு மானக்கேடா போச்சு, பேரன்ட்ஸ் மீட்டிங்ல எச்எம்கிட்ட சொல்லி நிறுத்திட்டோம். இப்போ காலாண்டு லீவு முடிஞ்சதுல இருந்து ஸ்கூலுக்கே போகமாட்டேங்கான், காலையில வாந்தி, அழுகை, ஒரு நாள் யூனிபார்ம் சட்டையவே கிழிச்சுட்டான். ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்க்கவா, இல்ல வீட்லயே வச்சு பத்தாவது பிரைவேட்டா எழுத வைக்கவா? அவனுக்குன்னு நாலு கூட்டுக்காரங்க வர நான் என்ன செய்யணும்?

பதில்: தங்கச்சி, கடைசி கேள்விய அப்புறம் பாப்போம். மணி விஷயத்த ஒரே மூச்சுல எழுதிட்டு அடுத்த வரிக்கு போயிட்டீங்க, எனக்கு அங்க இருந்து நகர முடியல. பேரன்ட்ஸ் மீட்டிங் எப்போ நடந்துச்சு? காலாண்டு லீவுக்கு முன்னாடிதானே? அவன் போகமாட்டேன்னு அடம் பிடிக்க ஆரம்பிச்சது எப்போ? லீவு முடிஞ்ச உடனே. ரெண்டையும் நீங்களே உங்க கையால அடுத்தடுத்து எழுதியிருக்கீங்க, எழுதும்போதுகூட உங்களுக்கு தோணலையா?

அவன் ஏன் அங்க போய் நின்னான்னு வீட்ல யாராவது ஒருத்தர் யோசிச்சீங்களா? ஆட்டிசம் உள்ள நெறைய பிள்ளைகளுக்கு சத்தம் நமக்கு கேக்குற மாதிரி கேக்காது, வலி மாதிரி உள்ள இறங்கும், அதுலயும் எப்போ வரும்னு தெரியாத சத்தம்தான் ரொம்ப கொடுமை. கிளாஸ்ல உக்காந்து ஒவ்வொரு பீரியடும் இப்போ அடிக்குமோ, இன்னும் கொஞ்ச நேரத்துல அடிக்குமோன்னு உடம்ப இறுக்கிக்கிட்டே இருந்தா பாடம் எங்க ஏறும்? வீட்ல பாருங்க, குக்கர் விசில் வரப்போகுதுன்னா காதைப் பொத்துறானா, மிக்ஸி போட்டா எழும்பி வெளிய போறானா, இல்ல தானே சுவிட்ச போட்டா மட்டும் பேசாம நிக்கிறானா? அப்படின்னா பள்ளிக்கூடத்துலயும் அதேதான் நடந்திருக்கு. மணி அடிக்கிறவர் பக்கத்துல நின்னா கம்பிய எப்போ தூக்குவாருன்னு கண்ணால பாக்கலாம், கம்பி தன் கையிலயே இருந்தா பயமே இல்ல. டாக்டரும் டீச்சரும் சொல்லிக் குடுக்காம அந்த பிள்ளை தானா கண்டுபிடிச்ச வழி அது, அதத்தான் நீங்க மானம்னு சொல்லி பிடுங்கிட்டீங்க.

இன்னொண்ணு. ட்ரெயின் டைம் மனப்பாடம்னு எழுதுறீங்க, அவனுக்கு பிடிச்சதே நேரம்தான். ஒரு ஸ்கூலே அவன் கையால அடிக்கிற மணிக்கு எழும்புது, உக்காருது, சாப்பிடப் போகுது, இதுக்கு மேல ஒரு பையனுக்கு ‘இது என் ஸ்கூல்’னு தோண என்ன வேணும்? அவனுக்கு அங்க ஒரு இடம் இருந்துச்சு, ஒரு மனுஷன் இருந்தாரு. நாலு கூட்டுக்காரங்க வேணும்னு என்கிட்ட கேக்குறீங்க, இருந்த ஒரு ஆளைத் துரத்துனது யாரு?

இனி உங்க வீட்டுக்காரருக்கு. பிள்ளைகள வேலை வாங்குறாங்கன்னு சொல்லி நீங்க சண்டை போட்டிருந்தா நான் உங்க பக்கம் நின்னிருப்பேன், அது நியாயமான கோபம். நீங்க சொன்னது அது இல்ல, பியூன்கூட நிக்கிறான்னு நாலு பேர் சொல்லிட்டாங்க, அதுதான் உங்களுக்கு பொறுக்கல. கல்யாண வீட்டுல, கோயில் திருவிழாவுல எல்லாம் பந்தியில உங்க பக்கத்துல உக்கார வைக்காம ஒதுக்கி வச்சிருக்கிற பிள்ளைய, ஒரு சாதாரண சம்பளக்காரர் பக்கத்துல நிக்க விட்டாரு, திட்டாம, கேள்வி கேக்காம, கையில கம்பியும் குடுத்தாரு. ஒதுக்கி வச்சோம்னு நீங்க எழுதல, ஆனா சொந்தக்காரங்க பிள்ளைங்க வாய்க்கு இவ்வளவு பயப்படுற வீட்டுல வேற எப்படி இருந்திருக்கும்? தப்புன்னா கடிதம் போட்டு என்ன திட்டுங்க, வாங்கிக்கிறேன். அப்பான்னா ஊரு பேசும்போது பிள்ளைக்கு முன்னால நிக்கணும், அதுக்குத்தான் அப்பா. ஊரோட சேர்ந்துக்கிட்டு பிள்ளைய பின்னால தள்ளுறதுக்கு ஒரு அப்பா தேவையே இல்ல.

அதனால முதல் வேலை அவருக்குத்தான், உங்களுக்கு இல்ல. எச்எம்கிட்ட வாங்கிட்டு வந்த தடைய அவரே போய் எடுக்கணும். அந்த பியூனையும் தனியா பாத்து ‘நான் சொன்னது தப்பு, மகன் முன்ன மாதிரி வந்து நிக்கட்டும்’னு வாய் திறந்து சொல்லணும். அம்மைய அனுப்பி வைக்கிற பழக்கம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நல்லாவே உண்டு, ஆஸ்பத்திரிக்கு அம்மை, தெரபிக்கு அம்மை, டீச்சர்கிட்ட கெஞ்ச அம்மை, மானம் போச்சுன்னு கத்த மட்டும் அப்பா. இந்த தடவ அது நடக்கக்கூடாது.

எச்எம் ஒருவேளை ஒத்துக்கலன்னா வேற மாதிரி கேளுங்க. மணி அடிக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி கிளாஸ விட்டு வெளிய வர அனுமதி, காதுல வைக்கிற சத்தம் தடுக்கிற ஹெட்போன், கதவு பக்கத்துல இருக்க இடம், ஒரு டீச்சர் லீவுன்னா அந்த பீரியட் யார் வருவாங்கன்னு காலையிலயே போர்டுல எழுதி வைக்கிறது. ஸ்கூலுக்கு எதுவும் காசு செலவாகிற விஷயம் இல்ல, ஹெட்போன்கூட நீங்க வாங்கிக் குடுக்குறதுதான். நம்ம ஊருக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ராத்திரி படுக்கும்போது ஸ்கூல் இருக்குன்னு நினைச்சு படுத்த பிள்ளை காலையில எழும்பும்போது கலெக்டர் லீவு விட்டிருப்பாரு, அந்த மாதிரி நாள்ல என்ன செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டி வைங்க. காலையில வாந்திக்கு டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிடுங்க, வயித்துல வேற ஏதாவது இருந்தாலும் இந்த மாதிரி பிள்ளைங்க வாயால சொல்லத் தெரியாம தவிப்பாங்க. சட்டைய கிழிச்சதுக்கு அடிச்சிருந்தீங்கன்னா இனி அடிக்காதீங்க, அது திமிரு இல்ல, வெப்ராளம், உள்ளுக்குள்ள இருக்க தவிப்பு.

கூட்டுக்காரன் விஷயத்துல நாலு பேர் வேணும்னு கணக்கு போடாதீங்க, அது உங்க ஆசை. அவனுக்கு ஒருத்தன் போதும், அதுவும் சேர்ந்து விளையாடுறவனா இருக்கணும்னு இல்ல, பக்கத்துல உக்காந்து ஒரே விஷயத்த பாக்குறவனா இருந்தா போதும். கன்னியாகுமரியில கிளம்பி அஸ்ஸாம்ல திப்ருகர் வரைக்கும், 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடுற விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கே, நாட்டுலயே ரொம்ப தூரம் போற ட்ரெயின் நம்ம ஊர்ல இருந்துதான் புறப்படுது, அதோட ஸ்டாப் எல்லாம் இவனுக்கு தெரியாம இருக்காது. சோஷியல் டீச்சர்கிட்ட சொல்லி இந்தியா மேப்புல அத வரைஞ்சு கிளாஸ்ல ஒட்ட வைக்கச் சொல்லுங்க, கூட ஒரு பையன் இருக்கட்டும். ‘போ, போய் எல்லார்கூடயும் பேசு’ன்னு தள்ளிவிடுறது மட்டும் வேண்டாம், கூட்டத்துல தள்ளினா அவன் இன்னும் உள்ள போயிடுவான். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடச் சொல்லாதீங்க, ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லுங்க.

ஸ்பெஷல் ஸ்கூல் கேவலம் இல்ல, அது தேவைப்படுற பிள்ளைங்க இருக்காங்க. ஆனா ஒம்பதாம் கிளாஸ் கணக்கு போடுற பிள்ளைய ஒரு மணிச் சத்தத்துக்காக அங்க கொண்டு போறது அவனுக்காக இல்ல, உங்களுக்கு இந்த ஸ்கூல்ல தலைகாட்ட கஷ்டமா இருக்கு, அதுக்காக. வீட்ல வச்சு பிரைவேட்டா எழுத வைக்கிறது அத விட மோசம், பத்தாவது பாஸ் ஆயிடுவான், அப்புறம் அந்த ரூம விட்டு யாரு அவன வெளிய கொண்டு வருவா?

சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு, அத தெரிஞ்சுக்கிட்டு போங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் சேர்த்துதான் 21 வகை குறைபாடு இருக்கு, உங்க எய்டட் ஸ்கூல் மாதிரி அரசு உதவி வாங்குற ஸ்கூல் இந்த பிள்ளைகள பாகுபாடு இல்லாம சேர்த்துக்கணும், அவங்க தேவைக்கு ஏத்த வசதி செய்து குடுக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. எச்எம் முன்னால உக்காரும்போது தயவு பண்ணுங்கன்னு கேக்க வேண்டிய அவசியம் இல்ல. தக்கலை வட்டார வள மையத்துல சிறப்பு பயிற்றுநர் இருப்பாங்க, உங்க ஸ்கூலுக்கு வந்து டீச்சர்கள்கிட்ட பேசச் சொல்லி கேளுங்க. இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துது, திருவனந்தபுரத்துல காட்டினத எழுதியிருக்கீங்க, மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எடுக்கலையா, இல்ல வெளிய தெரிஞ்சிடும்னு பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்களா? எடுக்கலன்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர்கள்கிட்ட காட்டி எடுங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு குடுக்குற யுடிஐடி அடையாள கார்டும் பதிஞ்சு வாங்குங்க. அடுத்த வருஷம் பத்தாவது பொதுத்தேர்வு, கூடுதலா ஒரு மணி நேரமும் சொல்றத எழுதுறதுக்கு ஒரு ஆளும் தர்றாங்க, அதுக்கு மருத்துவச் சான்றோட ஸ்கூல் வழியா விண்ணப்பம் போகணும். பத்தாவது வந்தப்புறம் ஓடினா நேரம் இருக்காது, இந்த அரையாண்டுக்குள்ள பேப்பர் எல்லாம் கையில இருக்கணும்.