கேளுங்கள் அக்காவை: துப்பாக்கி உரிமம் எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, டாலஸுக்குப் பக்கத்தில் நானும் கணவரும் ஒரு கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறோம். எட்டு வருஷமாகிறது. கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருஷம். வாரத்தில் நாலு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கடையை மூடுவது நான்தான். அன்றைய பணத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் பேங்க் வாசலில் இருக்கும் டெபாசிட் பெட்டியில் போடுகிறேன். போன மாதம் எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். அன்றிலிருந்து கார்க் கதவைத் திறக்கும்போதே கை நடுங்குகிறது. கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர், "டெக்சஸில் இப்போது உரிமமே தேவையில்லை, துப்பாக்கி ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொள்" என்கிறார். கணவரோ, வாங்குவதென்றால் முறையாக உரிமம் எடுத்துவிட்டு வாங்கு என்கிறார். மகள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். மகனுக்கு 15 வயது, பள்ளி மாறியதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, கவுன்சிலரிடம் போய்வருகிறான். நான் உரிமம் எடுக்கலாமா அக்கா?
— பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: உங்கள் கை நடுக்கம் எனக்குத் தெரியும். 2009-ல் ஹூஸ்டனில் எங்கள் கடையில் நான் கல்லாவில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். அவன் முகம் நினைவில்லை. குழாயின் கறுத்த வாய் நினைவிருக்கிறது. அவன் விரலில் காய்ந்து ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட் நினைவிருக்கிறது. கல்லாவில் இருந்த 180 டாலரை எடுத்து நீட்டினேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதமே உரிம வகுப்பில் சேர்ந்தேன். பத்து வருஷம் உரிமம் வைத்திருந்தேன், 2019-ல் அது முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால்தான் உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சொன்னது ஓரளவு சரி. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடையில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் உரிமம் வேண்டியதில்லை. ஆனாலும் உரிமம் தருவதை அரசு நிறுத்தவில்லை, அதனால் பயனும் உண்டு. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் பள்ளியைத் தாண்டாமல் எங்கே போக முடியும்? அடுத்த மாநிலத்துக்குக் காரில் போகும்போதும் டெக்சஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இதையெல்லாம்விட, எங்கே கொண்டுபோகக் கூடாது என்பது வகுப்பில்தான் மண்டையில் ஏறும். கடை வாசலில் 30.05, 30.06 என்று எண் போட்ட தடை அறிவிப்பு இருந்தால் என்ன அர்த்தம், மது அருந்தும் பாரில் சிவப்பில் 51% என்று எழுதிய பலகை இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர், ஒரு நாள் தன்னையறியாமல் குற்றவாளி ஆகிவிடுவார். ஆகவே உங்கள் கணவர் சொன்னதுதான் சரி.

எங்கள் பயிற்சியாளர் வகுப்பைத் தொடங்கியது கில்லீன் சம்பவத்தோடு. 1991 அக்டோபரில் அந்த ஊரின் லூபீஸ் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை இடித்து நுழைத்து 23 பேரைக் கொன்றான். அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரும் அங்கேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1995-ல் டெக்சஸ் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்ததில் அவர் குரலுக்குப் பெரிய பங்குண்டு. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைக்கிற யாரையும் நான் இளக்காரமாகப் பார்க்காததற்கு அந்தக் காலை ஒரு காரணம்.

அப்புறம் சுடும் தேர்வு. என் காலத்தில் கட்டணம் 140 டாலர், வகுப்பு நாள் முழுக்க. இப்போது 40 டாலர், நாலிலிருந்து ஆறு மணி நேரம். தேர்வு மாறவில்லை: 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டா, 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நான் அன்று கழுத்து அகலமான குர்த்தா போட்டுக்கொண்டு போயிருந்தேன். சுட்ட சூட்டோடு தெறித்த பித்தளைக் கூடு ஒன்று நேராகக் கழுத்துக்குள் விழுந்து மார்பைப் பொசுக்கியது. கையில் துப்பாக்கியோடு துள்ளிவிட்டேன். பயிற்சியாளர் ஒரே எட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, குழாய் இலக்கின் பக்கமே இருக்கும்படி அழுத்திக்கொண்டார். அவர் விரல் தடம் சாயங்காலம் வரை கையில் இருந்தது. 221 எடுத்துத் தேறினேன். அசையாமல் தொங்கும் காகிதத்தை நல்ல வெளிச்சத்தில் சுட எனக்கு வரும் என்று அந்தச் சான்றிதழ் சொன்னது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஏனென்றால் அன்று மதியம் இன்னொன்றும் நடந்தது. 21 அடி தள்ளி நிற்கும் ஒருவன் ஒன்றரை நொடியில் நம்மேல் வந்து விழுந்துவிடுவான் என்று 1983-ல் டென்னிஸ் ட்யூலர் என்ற சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் அதைச் செய்து காட்டினார். கல்லூரிப் பையன் ஒருவன் மார்க்கர் பேனாவோடு 21 அடியில் நின்றான். என் கைப்பையில் ரப்பர் துப்பாக்கி. அவன் ஓடிவந்து என் தோளில் கோடு போட்டபோது நான் பையின் ஜிப்பைக்கூட முழுசாகத் திறந்திருக்கவில்லை. நீங்கள் ராத்திரி ஒரு கையில் பணப்பையும் மறு கையில் சாவியுமாகக் காருக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியை எடுக்க மூன்றாவது கை வேண்டும். வருகிறவன் முதலிலேயே கையில் பிடித்துக்கொண்டுதான் வருவான். அந்த ஒரு நொடியை ஜெயிக்க வாராவாரம் பயிற்சி வேண்டும், உறை இடுப்பிலேயே இருக்க வேண்டும், வருஷக்கணக்கில்.

நான் கைப்பையில்தான் வைத்திருந்தேன். சேலைக்கும் சல்வாருக்கும் இடுப்பு உறை ஒத்துவரவில்லை. 2012 நவராத்திரியில் சுகர்லேண்டில் ஒரு தோழி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். வந்த பெண்களின் கைப்பைகளெல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவிந்து கிடந்தன, என்னுடையதும் அதில். பாட்டுப் பாடி முடித்து, சுண்டல் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போகிறேன். தோழியின் நாலு வயதுப் பேத்தி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகச் சாக்லேட் தேடிக்கொண்டிருக்கிறாள். மடியில் என் பை. பக்கவாட்டு ஜிப் பாதி திறந்திருந்தது. பட்டுப்பாவாடையும் நெற்றியில் சாந்துப்பொட்டுமாக நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, இதுல என்ன கனமா இருக்கு?" என்று கேட்டாள். என் கையிலிருந்த கிண்ணம் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவளைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு துப்பாக்கி வெளியே வந்ததே இல்லை. கடையில் தரையோடு போல்ட் அடித்த பெட்டிக்குள் இருந்தது, கடையை விற்றபோது அதையும் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் விற்றுவிட்டேன்.

இப்போது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன். உங்கள் கடிதத்தில் கொள்ளைக்காரனைவிட அவன்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், கொலையுண்டவர்களைவிட அதிகம். கலிஃபோர்னியாவில் 2 கோடி 60 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிடச் சுமார் எட்டு மடங்கு, பெண்களில் 35 மடங்கு. மனம் உடைந்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கெட்ட பத்து நிமிஷம் கடந்துபோக வேண்டும். வேறு வழிகளில் பிழைத்துக்கொள்ள ஒரு இடைவெளி இருக்கும், துப்பாக்கியில் அது அநேகமாக இருப்பதில்லை. பெட்டியில் பூட்டுவேன் என்பீர்கள். 15 வயதுப் பையனுக்கு அம்மாவின் போன் ரகசிய எண் தெரியாத வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. 17 வயதுக்கு உட்பட்டவர் கையில் துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைப்பது டெக்சஸில் குற்றமும்கூட. ஆனால் நான் உங்களிடம் பேசுவது சட்டத்தை அல்ல.

ஆகவே என் பதில் இது: வகுப்புக்குப் போங்கள். உரிமமும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டம் தெரிந்தால் பயம் கொஞ்சம் தெளியும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும், சுட்டுப் பழகுங்கள். ஆனால் உங்கள் மகன் தெளிந்து எழும்வரை அந்த வீட்டுக்குள் துப்பாக்கி வர வேண்டாம். கவுன்சிலரிடம் நீங்கள் துப்பாக்கி வாங்க யோசித்ததையும் சொல்லிவிடுங்கள். தற்கொலை எண்ணம், மன நெருக்கடி வந்தால் கூப்பிடும் 988 என்ற உதவி எண்ணை உங்கள் போனிலும் அவன் போனிலும் போட்டு வையுங்கள், எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

கடை விஷயத்தை வேறு மாதிரி சரிசெய்யலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பணத்தோடு நீங்கள் தனியாக நடப்பதுதான் ஆபத்து, அதை நிறுத்துங்கள். போட்டால் உள்ளே போகும், நேரப் பூட்டு திறந்தால்தான் வெளியே வரும் என்கிற டிராப் சேஃப் ஒன்று வாங்குங்கள். கல்லாவில் சில்லறைக்கு மேல் வைப்பதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். பேங்குக்குப் பகலில், நாள்தோறும் வேறு வேறு நேரத்தில், இரண்டு பேராகப் போங்கள். கட்டுப்படியானால் பணத்தை வந்து எடுத்துப்போகும் சேவைக்குச் சொல்லிவிடுங்கள். கண்ணாடியை மறைக்கும் பீர் விளம்பரங்களைக் கிழித்துவிட்டுத் தெருவிலிருந்து கல்லா தெரியும்படி செய்யுங்கள். எங்கள் கடையில் நாங்கள் செய்தது இவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் மறுபடியும் பணத்தைத்தான் எடுத்து நீட்டியிருப்பேன்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். கூட வேலை செய்பவர், டெக்சஸில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா?
— பிளேனோ வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடைசெய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் ஒரு விலக்கு உண்டு. அதை நம்பிக் கடைக்குள் கால் வைக்குமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் ஒரு முறை கையில் வாங்கிப் பார்ப்பதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கலாம்தான், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்த முடியும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு ஆஸ்டின் வந்திருக்கிறேன். பேரன் வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டில் தங்கப் போகிறானாம். அவர்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா? மகள் கூச்சப்படுகிறாள்.
— திருச்சியிலிருந்து வந்திருக்கும் பாட்டி

பதில்: கேளுங்கள் அம்மா, தாராளமாகக் கேளுங்கள். தனியாக எடுத்துக் கேட்டால்தான் கூச்சம். மகளை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, வீட்டில் நாய் இருக்கிறதா, துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?" மூன்றையும் ஒரே மூச்சில். தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்ட வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களின் சங்கமே இங்கே சொல்கிறது. பொறுப்பாக வைத்திருக்கிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பெட்டியையே காட்டியவர்கள் உண்டு. பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தப் பையனை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும்போது தோசைக்கா பஞ்சம், இரண்டு பேரும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும்.