வெளிநாட்டுப் பயணத்தில் வங்கி கார்டு தொலைந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தேடுவதை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை, அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பழக்கமான ஏடிஎம்கள் கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பணத்தை நீட்டும். போன ஊரில் இருந்த இயந்திரம் பணத்தை முதலில் நீட்டியது. பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நடையைக் கட்டிவிட்டேன். ராத்திரி ரயில் டிக்கெட் எடுக்க பர்ஸைத் திறந்தால் கார்டு இருந்த இடம் காலி. உடனே பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து, சாக்ஸுக்குள் எல்லாம் கைவிட்டு அரைமணி நேரம் தேடினேன். அந்த அரைமணி நேரமும் கார்டு உயிரோடுதான் இருந்தது. சின்னத் தொகை என்றால் பின் நம்பர் இல்லாமலே தட்டிவிட்டுப் போகலாம் என்பதால், எடுத்தவர் யாராக இருந்தாலும் அதற்குள் செலவு செய்திருக்க முடியும்.

பெரும்பாலான வங்கிச் செயலிகளில் கார்டைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் வசதி உண்டு. சந்தேகம் வந்த நிமிடமே அதைச் செய்துவிட்டு, அப்புறம் நிதானமாகத் தேடுங்கள். கிடைத்தால் திரும்பத் திறந்துகொள்ளலாம். ஆனால் நிரந்தரமாக பிளாக் செய்தால் அந்த எண் அதோடு போச்சு. கார்டு பிறகு தலையணைக்கு அடியில் கிடைத்தாலும் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

அதே சமயம், முடக்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தொலைந்ததாக வங்கிக்குத் தகவல் சொன்ன நேரம்தான் பின்னால் பணப் பொறுப்பு யாருடையது என்று பேச்சு வரும்போது கணக்கில் வரும். அன்றைக்குள் கிடைக்கவில்லை என்றால் பேசிவிடுங்கள்.

பேசுவதில்தான் எனக்குப் பெரிய பாடு. வங்கியின் எண் கார்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். கார்டே இல்லையே! ஞாபகத்தில் இருந்த கட்டணமில்லா எண்ணை அடித்தேன், இணைப்பே போகவில்லை. அந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் நாட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட வங்கிகள் நாட்டுக் குறியீட்டோடு தனி எண் வைத்திருக்கும். அதை வங்கியின் சொந்த இணையதளத்தில் போய் எடுங்கள். தேடுபொறியில் மேலே வரும் எண்ணை நம்பி அடிக்க வேண்டாம், போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பின் நம்பரைக் கேட்டால் யோசிக்காமல் ஃபோனை வைத்துவிடுங்கள்.

செயலியும் கைகொடுக்கவில்லை. அந்த ஊர் சிம்மைப் போட்டிருந்ததால், ஓடிபி வர வேண்டிய என் பழைய சிம் ஒரு சின்னக் கவரில் பெட்டியின் அடியில் கிடந்தது. சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் சிம் தட்டைக் குத்தி வெளியே எடுத்து மாற்றினேன். முதல் ஓடிபி காலாவதியான பிறகு வந்து சேர்ந்தது. இரண்டாவது சரியான நேரத்தில் வந்தது. இரண்டு சிம் போடும் ஃபோன் இருந்தால் சொந்த ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள், அவ்வளவுதான்.

அழைப்பில் கடைசியாகச் செய்த இரண்டு மூன்று பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரம் விழுங்கியிருந்தால் அந்த வங்கியில் போய் வாங்கிவிடலாம் என்று நம்பி நான் மறுநாள் காலையை வீணாக்கினேன். வேறு வங்கியின் கார்டு என்றால் பெரும்பாலும் கையில் தர மாட்டார்கள்.

அடுத்தது கைச்செலவு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே பயணத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவசர மாற்று கார்டும் அவசரப் பணமும் ஏற்பாடு செய்யும். ஆனால் கார்டு கொடுத்த உங்கள் வங்கி ஒப்புதல் தர வேண்டும். அவசர கார்டுக்குப் பெரும்பாலும் பின் நம்பர் இருக்காது, ஏடிஎம்மில் செல்லாது. அது வந்து சேரும்வரை ஒரே முகவரியில் இருக்கவும் வேண்டும். மறுநாள் வேறு ஊருக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? நான் பணத்தைத்தான் நம்பினேன். தம்பி வெஸ்டர்ன் யூனியன் வழியாக அனுப்பினான். ஆனால் என் பெயரை இனிஷியலோடு சுருக்கிப் போட்டுவிட்டான்; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். தம்பி பெயரைத் திருத்திய பிறகுதான் பணம் கைக்கு வந்தது.

உங்கள் வங்கியிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். சில வங்கிகள் புதிய கார்டைச் செயலியிலேயே உடனே தந்துவிடும். அதை ஆப்பிள் பேயிலோ கூகுள் பேயிலோ சேர்த்தால், பிளாஸ்டிக் கார்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஃபோனைத் தட்டிச் செலவு செய்யலாம். எனக்கு இது தெரிந்தது ஊர் திரும்பிய பிறகு.

திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பயணக் காப்பீட்டுக்குக் கேட்பார்கள். என் விஷயத்தில் திருடன் நானே என்பதால் போகவில்லை.

இப்போது வேறு கணக்கின் கார்டு ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கும், பர்ஸில் வைப்பதில்லை. விடுதிக்காரர்கள் முன்பணமாகப் பிடித்த தொகை, பிளாக் ஆன பழைய கார்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.