அதே ரத்தம்தானே?

வணக்கம் ஐயா. பாகற்காயை என்னால் வாயில் வைக்கவே முடியாது. 12 வயது மகனும் அப்படியே. மனைவி விரும்பிச் சாப்பிடுகிறாள். ராத்திரி டீ குடித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும், அவளை ஒன்றும் செய்யாது. இதெல்லாம் மரபணு என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் குடியும் அதுதானே? தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், நானும் குடிக்கிறேன். எங்க ரத்தத்துலயே இருக்கு, என்ன செய்ய?

வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. கூட இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கசப்பை உணர்வது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. பையனை அடித்து ஊட்டாதீர்கள். டீயும் அதே மாதிரிதான், விடுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. குடிநோய்க்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. நான் மறுக்கவில்லை. மிச்சப் பாதியை யார் தலையில் கட்டப் போகிறீர்கள்?

என் தாய்மாமனும் இதையேதான் சொல்வார். "நம்ம ரத்தம் அப்படி, மாப்ள." ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து விழுவார். அம்மா அவர் சட்டைப்பையைத் துழாவி, மிஞ்சிய சில்லறையை முந்தானையில் முடிந்துகொள்வாள். விடிந்ததும் அந்தக் காசில் மாமன் மகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தனுப்புவாள்.

அம்மாவும் மாமனோடு கூடப் பிறந்தவள்தானே? ஒரு சொட்டு தொட்டதில்லை. உங்கள் அத்தை குடிக்கிறாரா? அக்கா, தங்கை? அதே ரத்தம்தானே ஐயா அவர்களுக்கும்! குலசாமி கோயில் கிடாவெட்டில், 14 வயதில், மாமன் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தவர் என் தாத்தா. "ஆம்பளப்புள்ள, குடிடா" என்றாராம். அம்மா அப்போது அடுப்படியில் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் டம்ளரை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ரத்தத்தின் மேல் பழி போடுகிற ஆண்கள் யாரும் அந்த டம்ளரைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

காலையில் கை நடுங்குகிறதா? அப்படியென்றால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எழுதுங்கள், பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.