பொம்மையும் பட்டாளத்து அதிகாரியும்

கேள்வி: பெண்ணின் குணங்கள் பிறவியிலேயே அமைந்தவையா, வளர்ப்பால் வந்தவையா?

பதில்: 1762-இல் வெளிவந்த ‘எமீல்’ என்ற கல்வி நூலில் தத்துவவாதி ரூசோ, சிறுமிகள் பொம்மையையும் அலங்காரத்தையும் இயல்பாகவே விரும்புகிறார்கள் என்று எழுதி, அவர்களை ஆணுக்கு உகந்தவர்களாக வளர்ப்பதற்கு அதையே சான்றாகவும் காட்டினார். (ஆண்பிள்ளையைச் சுதந்திரமாக வளர்க்கச் சொன்னவரும் அவரே.) 1792-இல், பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அளித்த மறுமொழியே எனக்கு வலுவானதாகப் படுகிறது: ஓடியாட விடாமல் அடைத்துவைத்தால்தான் சிறுமியின் மனம் பொம்மையை நாடும். அவர் அதோடு நிற்கவில்லை. அறிவு முதிருமுன்பே உலகுக்குள் அனுப்பப்பட்டு, பிறரைக் கவர்வதையே பயின்ற பட்டாளத்து அதிகாரிகளும் உடையலங்காரத்திலும் நடனத்திலும் பெண்களைப் போலவே மோகம் கொண்டிருப்பதைச் சுட்டி, ஒரே வகைப் பயிற்சி ஆணிடமும் அதே குணங்களை விளைவிப்பதால் வேறுபாட்டுக்குக் காரணம் பால் அன்று, கல்வியே என வாதிட்டார்.