பாலடினின் சபதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் செத்தாப்பாக்கில் ஒரு நண்பர் வீட்டில் கூடி டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. 2014 பதிப்பின் விதிகள். இந்தக் கதையில் முதல்முறையாக நான் பாலடின், அதாவது சபதத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரன். மூன்றாம் லெவலுக்கு வந்துவிட்டதால் சபதம் எடுக்க வேண்டும். டிவோஷன் (பக்தி), ஏன்ஷியண்ட்ஸ் (தொன்மை), வெஞ்சன்ஸ் (பழிவாங்குதல்) மூன்றில் எது பலமானது? இருகை வாள் எடுக்கவா, கேடயமா? நடுவில் இரண்டு லெவல் வார்லாக் என்ற மந்திரவாதி வகையைச் சேர்த்தால் அடி பலமாக விழும் என்று யூடியூபில் சொல்கிறார்கள், செய்யலாமா?

போன வாரம் ஒரு பிரச்சினை. எங்கள் குழுவில் ரோக்காக, அதாவது திருட்டுக் கை உள்ளவனாக ஆடும் நண்பர் ஒரு கைதியின் பையிலிருந்து காசு எடுத்தார். என் பாலடின் அதைச் சகிக்க மாட்டான் என்பதால் வாளை உருவிவிட்டேன். வாக்குவாதம் முற்றி ஆட்டம் பாதியில் நின்றது. என்னோடு ஆடவே பிடிக்கவில்லை என்கிறார்கள். நான் என் கேரக்டருக்கு உண்மையாகத்தானே இருந்தேன்?

கடைசியாக ஒன்று. என் பாலடினை முனீஸ்வரரின் காவல் வீரனாக வைக்க ஆசை. அம்மா திட்டுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

பினாங்கில் தைப்பூச விரதம் தொடங்குகிற சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. விரதம், நேர்த்திக்கடன், சபதம் என்று மனசு ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் வாளா கேடயமா என்ற கேள்விக்கு நான் பொதுவில் பதில் எழுதியிருக்க மாட்டேன். அதற்கு விதிப் புத்தகமே போதும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வார்லாக் வேண்டாம். ஆறாம் லெவலில் பாலடினுக்கு ஒன்று கிடைக்கும், அதை இரண்டு லெவல் தள்ளிப்போடாதீர்கள். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன். உடல் வலிமையையும் கரிஸ்மா என்கிற ஆளுமைக் கவர்ச்சியையும் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மூன்று சபதங்களில் எது பலமானது என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. முனீஸ்வரர் விஷயத்தில் நான் அம்மா பக்கம். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் இரவெல்லாம் நம்பிப் படுத்த சாமி அவர். அவரை டைஸ் உருட்டி வரவழைக்க வேண்டாம். அரிவாளும் குதிரையும் எல்லைக் காவலும் உள்ள ஒரு சாமியை உங்கள் கதையுலகத்துக்கென்று நீங்களே உண்டாக்குங்கள், புதுப் பெயர் வையுங்கள். அம்மாவிடம் இதைச் சொன்னால் அவரே நல்ல பெயர் ஒன்று தருவார்.

சரி, இப்போது வாள்.

“என் கேரக்டருக்கு உண்மையாகத்தானே இருந்தேன்” என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேரக்டரை எழுதியது யார், தம்பி? வாளை உருவுகிறேன் என்று மேசையில் சொன்னது உங்கள் வாய்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, நெரிசலில் வண்டி ஓட்டி, நண்பர்களோடு கொஞ்ச நேரம் சிரித்துப் பேசலாம் என்று வந்தவர். அவர் கழுத்துக்கு நேராக வாளை நீட்டிவிட்டு, நானில்லை என் பாலடின் என்று சொல்வது கோழைத்தனம். இந்தச் சாக்கைப் பினாங்கிலும் நிறைய மேசைகளில் கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டாலும் விடமாட்டேன்.

அதே சமயம், பிடிபட்டவனிடம் திருடக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மேசையில் ஐந்து பேர் இருந்தும் கைதியை ஒரு மனிதனாகப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். அந்த மனசை விட்டுவிடாதீர்கள். அதைக் கொண்டு என்ன செய்தீர்கள் என்பதில்தான் என் சண்டை.

இந்தக் குழப்பம் பாலடினோடு கூடவே பிறந்தது. 1975-ல் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் பாலடின் முதலில் வந்தார். கரிஸ்மா குறைந்தது 17 இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று டைஸை உருட்டினால் 216-ல் 4 வாய்ப்புதான் அதற்கு. 1978-ல் வந்த விதிப் புத்தகத்திலும் கட்டுப்பாடுகள் நிறைய. மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது: ஒரு கவசம், ஒரு கேடயம், நான்கு ஆயுதங்கள், மற்றவை நான்கு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். செல்வம் சேர்க்கக் கூடாது. தெரிந்தே ஒரு தீமை செய்தால் பாலடின் என்ற நிலை போய்விடும், திரும்ப வராது. இவையெல்லாம் அருமையான விதிகள் என்பேன். ஒவ்வொன்றும் பாலடினுடைய கையைத்தான் கட்டுகிறது.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பாலடின் நல்லவர்களோடு மட்டுமே சேர வேண்டும். நல்லதும் கெட்டதும் அல்லாத நடுவாந்திர ஆட்களோடு போவதென்றால் ஒரே ஒரு பயணம் மட்டும், அதுவும் நல்ல காரியத்துக்காக இருந்தால்தான். இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இதனால் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதே பாலடினுடைய வேலையாகிவிட்டது. 2014 பதிப்பில் அந்த விதி கிடையாது. பாலடின் இன்ன குணத்தோடுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அவரவர் சபதம்தான். ஆனால் உங்கள் கையில் புதுப் புத்தகம் இருந்தும் நீங்கள் ஆடியது 1978-ன் பாலடினை.

சபதம் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புறநானூற்றின் 72-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். தலையாலங்கானத்துப் போருக்குப் புறப்படுகிற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது. சின்னப் பையன் என்று எதிரிகள் இளப்பமாகப் பேசிவிட்டார்கள். அவன் அவர்களை முரசோடு சேர்த்துப் பிடிக்கப்போவதாகச் சொல்கிறான், அது எந்த அரசனும் சொல்வதுதான். பாட்டின் உயிர் அதற்கு அப்புறம் வருகிறது. நான் அப்படிச் செய்யாவிட்டால், என் நிழலில் வாழ்கிற மக்கள் போக்கிடம் இல்லாமல் கண்ணீர் விட்டு, எங்கள் அரசன் கொடியவன் என்று என்னைத் தூற்றட்டும் என்கிறான். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் ஒதுக்கட்டும் என்கிறான். என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான்.

இதில் கூட வருகிற வீரர்களுக்கு ஒரு கட்டளையாவது இருக்கிறதா? படையில் ஒருவன் பயந்து ஓடினால் அவன் தலையை வாங்குவேன் என்கிறானா? இல்லை. தோற்றால் எனக்கு என்ன போகும் என்பதை மட்டும் அடுக்குகிறான். மக்களின் அன்பு போகும், புலவர்களின் பாட்டு போகும், கொடுக்கிற கை போகும். அவனுக்கு எவை உயிர் என்பது அந்த மூன்றிலேயே தெரிந்துவிடுகிறது. உங்கள் பாலடினைப் பற்றி எனக்கு இப்படி ஒன்றுகூடத் தெரியவில்லை. அவனுக்கு எதன்மேல் கோபம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை இழந்தால் அவன் உடைந்துபோவான்? அதற்கு உங்களிடம் பதில் இல்லாதவரை, மூன்றில் எந்தச் சபதத்தை எடுத்தாலும் அது காகிதத்தில் ஒரு பெயராகத்தான் இருக்கும்.

என் அத்தை ஒருவர் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தார். மகனுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேண்டிக்கொண்டு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருடா வருடம் பால்குடம் எடுத்தார். விரத நாட்களில் ஒரு வேளைதான் சாப்பாடு. தரையில் பாய் விரித்துப் படுப்பார். ஆனால் வீட்டில் எங்களுக்கெல்லாம் மீன் கறி வழக்கம்போல வைப்பார். வாயில் வைத்துப் பார்க்க முடியாது என்பதால் என்னைக் கூப்பிட்டு, உப்பு பாரு என்று கரண்டியில் ஊற்றித் தருவார். “நீங்க ஏன் அத்தே சமைக்கிறீங்க, நாங்களும் சைவமே சாப்பிடுறோம்” என்று நான் ஒருமுறை சொன்னேன். “வேண்டிக்கிட்டது நானு, நீ எதுக்குப் பட்டினி கிடக்கிற?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதற்கு மேல் அவருக்கு அதில் பேச ஒன்றும் இல்லை.

அதே லயத்தில் இன்னொரு உறவினர் காவடி எடுப்பார். மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் ரேடியோ கிடையாது, பிள்ளைகள் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, யாராவது செருப்பை இடம் மாற்றிப் போட்டால் அன்றைக்குப் பூராவும் ஏச்சு. அவர் மனைவி அந்த நாட்களில் அத்தை வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். விரதம் இருந்தது அவர், அதைச் சுமந்தது வீட்டிலிருந்த மற்ற எல்லோரும். தைப்பூசத்தன்று அவர் காவடியைப் பார்த்து ஊரே கும்பிடும். நானும் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் விரதம் என்றால் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வருவது அத்தைதான். எங்கள் மேசையில் யார் பாலடின் எடுத்தாலும் இந்த இரண்டு பேரையும் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் ஆட விடுவேன்.

வாள் பிடித்த அடியார் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியபுராணத்தின் ஏனாதிநாதர் வாள் வித்தை கற்றுக்கொடுக்கும் ஆசிரியர், அதில் வந்த பணத்தையெல்லாம் சிவனடியார்களுக்குக் கொடுத்தவர். அதே தொழில் செய்த அதிசூரன் பொறாமையால் போருக்கு அழைத்துத் தோற்றுப் போகிறான். அப்புறம், உறவுக்காரர்கள் யாரும் வேண்டாம், நாம் இருவர் மட்டும் மோதுவோம் என்று சொல்லியனுப்புகிறான். திருநீறே பூசாத ஆள், அன்றைக்கு நெற்றி நிறையப் பூசி, கேடயத்தால் மறைத்துக்கொண்டு வருகிறான். ஏனாதிநாதர் வெட்டப் போகிற நேரத்தில் கேடயத்தை விலக்கிக் காட்டுகிறான். திருநீற்றைப் பார்த்ததும் அவரால் வெட்ட முடியவில்லை. வாளைக் கீழே போடத்தான் முதலில் நினைக்கிறார். போட்டால், ஆயுதம் இல்லாதவரைக் கொன்றான் என்ற பழி எதிரே நிற்பவனுக்கு வந்துவிடுமே என்று, வாளையும் கேடயத்தையும் பிடித்தபடி, சண்டை போடுகிறவர் மாதிரியே நின்று வெட்டு வாங்கிக்கொள்கிறார்.

தன்மேல் போர் தொடுத்தவன் என்று தெரிந்தும் அவர் தன் விரதத்தை விடவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. தன்னைக் கொல்ல வந்தவன் தலையில் ஒரு பழி கூடுதலாக விழுந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். நீங்கள் நான்கு காசு எடுத்த நண்பரைக்கூடத் தாங்கவில்லை. அவரைப்போலச் சாகச் சொல்லவில்லை, உங்களுக்கு அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கிறது. ஆனால் புனித வீரன் ஒருவனைக் கட்ட உட்காருகிறவர் யூடியூபுக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கதைக்கு வந்திருக்க வேண்டும்.

ஆறாம் லெவல் விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த லெவலில் பாலடினைச் சுற்றிப் பத்து அடிக்குள் நிற்கும் நண்பர்கள் எல்லோருக்கும், ஆபத்திலிருந்து தப்ப அவர்கள் உருட்டும் ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும், பாலடினின் கரிஸ்மா தரும் போனஸ் கூடுதலாகச் சேர்கிறது. நஞ்சு, பயம், மந்திரம் எது வந்தாலும் அந்தப் பத்து அடிக்குள் இருப்பவருக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம். இந்த விளையாட்டிலேயே மிக நல்ல சக்திகளில் இதுவும் ஒன்று என்பேன். பக்கத்தில் வந்து நிற்க யாருக்கும் பிடிக்காத பாலடினுக்கு இதனால் தன்னைத் தவிர யாரைக் காப்பாற்ற முடியும்? கையை வைத்துக் குணமாக்கும் சக்தியும் அப்படித்தான். உங்கள் லெவலில் ஒரு நாளைக்கு 15 புள்ளிகள் வரை ஆற்றலாம், ஐந்து புள்ளிகள் செலவழித்தால் ஒரு நோயையோ நஞ்சையோ போக்கலாம். உங்கள் கடிதத்தில் அடியைப் பற்றி இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

வெஞ்சன்ஸ் மேல் உங்களுக்கு ஒரு கண் இருக்கிறது என்று நினைக்கிறேன். எடுங்கள், தப்பில்லை. ஆனால் அதன் நான்காவது நெறியைப் படித்துவிட்டு எடுங்கள். எதிரி உலகத்தை நாசம் செய்தால் அது நான் தடுக்கத் தவறியதால்தான், அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் உதவ வேண்டும் என்கிறது அது. அதை எடுக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

வரும் ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே போய், ரோக்காக ஆடும் நண்பரிடம் மன்னிப்பு கேளுங்கள். உங்கள் பெயரில் கேளுங்கள், பாலடினின் பெயரில் வேண்டாம். ஆட்டத்தில் அவர் மறுபடி எங்காவது கைவைத்தால் வாளைத் தொடாதீர்கள். எடுத்த காசை உங்கள் பையிலிருந்து எண்ணி, பறிகொடுத்தவன் கையில் கொடுங்கள். ரோக்கிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். பை காலியானால் காலியாகவே இருங்கள், கவசம் வாங்க வைத்திருந்த பணமாக இருந்தாலும் சரி. அப்புறம், சபதம் எடுக்கும் காட்சியை டிஎம் (கதையை நடத்துகிறவர்) நடத்தும்போது அதில் தவறினால் என்னென்ன இழப்பீர்கள் என்று மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். மூன்றும் உங்கள் பாலடினுக்குச் சொந்தமானவையாக இருக்க வேண்டும், குழுவில் வேறு யாருடையதும் கூடாது. தவறினால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று டிஎம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.

கேடயம் எடுங்கள்.

அன்புடன்,
அக்கா