கூரைப் புல்லும் குடிநீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊட்டியின் மரபு விழாக்களைப் பற்றி எழுதும்போது, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் கோயிலுக்குப் புல்லால் கூரை வேயும் சடங்கையும் நகரத்தின் தண்ணீரையும் சேர்த்தே சொல்லியிருந்தீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. புல் கிடைக்காவிட்டால் தகரம் போட்டுக்கொள்ளலாமே? எங்கள் வீட்டுக்குக் கீழே எங்களுடைய சதுப்பு ஒன்று காய்ந்து கிடக்கிறது. அந்தப் புல்லை அங்கே நட்டால் வருமா?

ம., ஊட்டி

அன்புள்ள ம.,

தகரம் போட்டால் மழை ஒழுகாது, உண்மைதான். ஆனால் அன்றோடு புல்லைத் தேடிச் சதுப்புக்குப் போகிறவர்கள் இல்லாமல் போவார்கள், சதுப்பு காய்ந்தாலும் கவனிக்க ஆளிருக்காது. வளைத்துக் கட்டிய பிரம்பு, மூங்கில் சட்டத்தின்மேல் தோடர்கள் வேய்கிற புல்லுக்குத் தாவரவியலில் எரியோக்ரிசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். நீலகிரிச் சதுப்புக்கே உரியது. வேர் ஈரத்திலேயே நிற்க வேண்டும். அது செழித்து நிற்கிற இடத்தில் கோடையிலும் மண்ணுக்குள் நீர் உண்டு. மழையை வாங்கி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சதுப்பின் கரிய மண்தான். நகரம் குடிப்பதும் இப்படிப்பட்ட ஓடைகளின் தண்ணீரைத்தான். (ஊட்டி ஏரி சுருங்கிய இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் அமைந்தன. பெருமழையில் தண்ணீர் அங்கே தேங்குவதில் வியப்பில்லை.)

உங்கள் சதுப்பில் இப்போதே நட வேண்டாம். முதலில் ஏன் காய்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கேரட்டுக்கோ உருளைக்கிழங்குக்கோ வெட்டிய வடிகால் நடுவில் ஓடும். அதைக் கீழ்முனையில் மட்டும் அடைத்தால் முதல் பெருமழையே உடைத்துவிடும். மேலிருந்து கீழாகப் பல இடங்களில், முழங்கால் உயரத்துக்குப் புல்கரணையும் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி) மண்ணும் வைத்து அடையுங்கள். ஒவ்வொன்றிலும் நீர் வழிய ஓரத்தில் தாழ்வு விடுங்கள். ஜேசிபியை இறக்கவே வேண்டாம், அதன் எடையில் மண் இறுகிவிடும்.

அடுத்தது சீகை, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய வாட்டில் மரம். கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். ஒருமுறையோடு முடியாது, விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும், வெளிச்சம் பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். பெரிய மரமென்றால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் கோடரி வைக்காதீர்கள்.

அடுத்த ஏப்ரலில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, மறுநாள் போய்ப் பாருங்கள். அடியில் நீர் ஊறியிருந்தால், பருவமழை பிடித்தபின் ஜூனில் நடலாம். விதையைவிடத் தூர் பிரித்து, வேர்மண்ணோடு வைப்பதே நல்லது. தூரை எங்கே எடுக்கலாம் என்று பக்கத்து மந்தின் (தோடர் குடியிருப்பின்) பெரியவர்களைக் கேளுங்கள். கூரைக்கு அவர்கள் அறுக்கிற இடத்தில் கை வைக்காதீர்கள். முதல் இரண்டு மழைக்காலம் மாடு இறங்காமல் வேலி வேண்டும்.